வாவி வழியே போன குவிமாடம்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தே பல வருடங்களைக் கழித்துவிட்டேன். எழுத உட்காருவேன். நாலு வரி போனதும் என் பெருமையை நானே சொல்வது போலத் தெரியும். கிழித்துப் போட்டுவிட்டு எழும்பிவிடுவேன். வேறொரு பயமும் இருந்தது. எங்கள் பகுதியில் தமிழர் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் வேலிக்கு வேலி கிடக்கின்றன. ஒன்றாக இருந்து சாப்பிட்ட காலமும் உண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போன காலமும் உண்டு. இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கத்தைப் பற்றி நல்லதை எழுதினாலும் யாருக்காவது எங்காவது நொந்துவிடும். அதனால்தான் அந்த ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளை மகள் திருத்தித் தந்தாள். எழுத வைத்தவள் என் மனைவி. "கடவுள் காட்டினத்த உங்களோடயே வச்சிக்கொண்டு சாகப் போறீங்களா? எழுதுங்களன்" என்றாள். அப்படிக் கேட்ட பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

நான் ஃபைபர் போட் செய்கிறவன். செட்டிபாளையத்தில் வாவிக் கரையோடு என் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் தண்ணீர். அச்சிலிருந்து கழற்றும் போட்டை உருளைக் கட்டைகளில் ஏற்றித் தள்ளினால் நேரே வாவியில் போய் விழும். எங்கள் ஊரில் வாவி என்று யாரும் சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வோம்.

ஒரு காலத்தில் கை ஓயாத வேலை. பிறகு மீன் குறைந்தது, எண்ணெய் விலை ஏறியது, புதுப் போட் கேட்டு ஆள் வருவது நின்றுபோனது. பழைய போட்டின் ஓட்டை அடைக்கத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் தண்ணீர்த் தாங்கி செய்து தரக் கேட்டார். இன்னொருவர் இறால் குஞ்சு வளர்க்கத் தொட்டி கேட்டார். "அது எங்கட வேலை இல்ல" என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். தெரியாத வேலையில் கை வைத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம்.

எங்கள் கண்ணகி அம்மன் கோயில் கதவு வருடத்தில் சடங்குக் காலத்தில் மட்டும்தான் திறக்கும். மற்ற நாட்களில் மூடிய கதவுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு வருவோம். ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நின்று, "தாயே, வேலை தா" என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவர் வந்தார். எங்களுக்கு வடக்கே, அதே வாவிக் கரையில் இருக்கும் முஸ்லிம் ஊரின் பள்ளிவாசல் தலைவர். மீன் மொத்த வியாபாரம் செய்பவர், என்னை விட மூத்தவர், பல வருடப் பழக்கம். திருத்தக் கொடுத்திருந்த தன் போட்டைப் பார்க்க வந்தவர், அது கவிழ்த்துக் கிடந்ததைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரலால் தட்டினார்.

"தம்பி, இது கவுந்து கிடக்கக்குள்ள குப்பா மாதிரி இல்லியா?"

பள்ளிவாசல் உச்சியில் இருக்கும் குவிமாடத்தை அவர்கள் குப்பா என்பார்கள்.

"நீட்டுக் குப்பா காக்கா" என்று சிரித்தேன். மூத்த முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் சிரிக்கவில்லை. "எங்கட பள்ளிட சுவர் பழசு. கொங்கிறீட்டுல குப்பா வெச்சா தாங்காது எண்டுட்டான் மேசன். பாரமில்லாத ஒண்டு வேணும். நோன்புக்கு முன்ன வெச்சிரணும். ஒங்களால ஏலுமா?"

"ஏலும்" என்றேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வழக்கமாகச் சொல்லும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அம்மனிடம் நான் வேலை என்றுதானே கேட்டேன்? போட் வேலை என்று கேட்கவில்லையே. வந்ததைத் திருப்பி அனுப்பினால் பிறகு எந்த முகத்தோடு அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்பது?

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மனைவி சுளகைக் கீழே வைத்தாள்.

"ஏலும் எண்டு ஆர் சொன்ன? நீங்களா, உங்கட வாயா?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"இல்ல. உங்கட வாய் எப்பவும் உங்களுக்கு முன்னால போற." கொஞ்ச நேரம் அரிசியைக் கொழித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பாருங்களன். அம்மனுக்கிட்டப் போய்க் கேட்டீங்க. அல்லாட வீட்டில இருந்து வேலை வந்திரிக்கு."

மறு கிழமை தலைவர் தன் பள்ளிவாசல் சபையைச் சேர்ந்த இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சவூதியில் நெடுங்காலம் கட்டட வேலை செய்துவிட்டு வந்தவர் அவர். இங்கே அவரைச் சவூதிக்காரர் என்றே எழுதுகிறேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. பட்டறையில் எதையும் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுக்கு முன்ன எத்தின குப்பா செஞ்சிரிக்கீங்க?"

"ஒண்டும் இல்ல" என்றேன்.

"கேட்டீங்களா? ஒண்டும் இல்லயாம். அதையும் வெக்கமில்லாமச் சொல்றார்."

"பொய் சொல்லல்லயே" என்றார் தலைவர்.

"போட்டுக்காரன் செஞ்ச குப்பா பெரிய மழை ஒண்டு பெஞ்சா மிதந்து போயிரும். மறுகா அத எந்தக் கரையில போய்த் தேடுற?"

தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "போச்செண்டா நானும் போறன். கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால சொன்னத்தத்தான் இஞ்சயும் சொல்றன். குப்பா சரி வரல்லண்டா அதோட நான் தலைமைய விட்டுட்டன். பள்ளி விசயத்துல மறுகா வாய் தொறக்க மாட்டன்."

எனக்கு அப்போதுதான் விசயம் விளங்கியது. சபையில் பாதிப் பேர் இந்த யோசனையை விரும்பவில்லை. தமிழனிடம், அதுவும் போட் செய்கிறவனிடம், பள்ளிவாசலின் உச்சியை ஒப்படைப்பதா என்று கேட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் சோறு ஆக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதை விற்றுச் சேர்த்த காசு அது. அதை விளையாட்டுக்குச் செலவழிக்க ஏலாது என்று சவூதிக்காரர் எழும்பி நின்று சொல்லியிருக்கிறார். தலைவர் தன் பதவியை ஈடு வைத்துத்தான் என்னிடம் வந்திருக்கிறார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு 'தலைவர்' என்ற சொல்லே சவூதிக்காரரின் வாயில் வரவில்லையாம். நான் யோசிக்காமல் சொன்ன ஒரு 'ஏலும்' மேல்தான் அந்த மனிதர் தன் மரியாதை முழுவதையும் ஏற்றி வைத்திருந்தார்.

வேலையைத் தொடங்கினோம். நானும் என் மனைவியின் தம்பியும்தான். அவனை நான் மச்சான் என்பேன். பட்டறையின் நடுவில் ஒரு குழாயை நட்டு, சுற்றி மணலைக் குவித்தோம். வளைவாக வெட்டிய பலகையைக் குழாயில் பூட்டி, அதை ராட்டினம் போலச் சுற்றிச் சுற்றி மணலை வழித்தோம். மேலே சீமெந்துப் பூச்சு, அதற்கு மேலே மெழுகு. அதுதான் அச்சு. அதன்மேல் கண்ணாடி நாரை விரித்து ரெசினை ஊற்றிப் பூசினோம், படை மேல் படையாக. போட்டுக்குச் செய்கிற அதே வேலைதான். ஆனால் பலகை சுற்றச் சுற்ற மணலிலிருந்து அந்த உருண்டை வடிவம் எழும்பி வந்தது எங்கள் இருவருக்கும் புதிது.

காய்ந்த பிறகு கழற்ற வேண்டும். உச்சியில் பிறை நிறுத்தும் குழாய்க்காக ஓர் ஓட்டை விட்டிருந்தோம். அதில் தண்ணீர்க் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்தோம். அச்சுக்கும் ஃபைபருக்கும் நடுவே தண்ணீர் ஊறி இறங்க, பெரிய மூச்சு ஒன்றை விட்டதுபோல் சத்தம் வந்து ஓடு கழன்றது. ஊர்ப் பொடியன்மார் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் பக்கத்தில் உயரமான கட்டைகளின் மேல் வைத்தார்கள். நான் குனிந்து உள்ளே போனேன். இன்னும் வர்ணம் பூசவில்லை. காலை வெயில் ஓட்டுக்குள்ளால் வடிந்து உள்ளே முழுவதும் தேன் நிறமாக நின்றது. என் கை, இடுப்பில் கட்டிய சாரம், கீழே கிடந்த மணல் எல்லாமே அந்த நிறம். அவ்வளவு காலம் போட் செய்திருக்கிறேன். என் கையால் செய்த ஒன்றுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வர மனமில்லாமல் நின்றேன். "அத்தான், உள்ளுக்கு என்ன செய்றீங்க?" என்று மச்சான் கேட்டான்.

வெள்ளை வர்ணம் பூசி, விளிம்பில் பச்சைக் கோடு இழுத்து முடித்தோம். நோன்பு நெருங்கிவிட்டது. தலைவரும் சவூதிக்காரரும் பெரிய லொறி ஒன்றோடு வந்தார்கள்.

லொறி பிரதான வீதியிலேயே நின்றுவிட்டது. வீதியிலிருந்து பட்டறைக்கு வருவது ஓர் ஒழுங்கை. ஓட்டோ வரும், லேண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசின் வரும். இரண்டு பக்கமும் மதில். குவிமாடத்தின் அகலமோ அந்த ஒழுங்கையைப் போல இரண்டு மடங்கு.

சவூதிக்காரர் ஒழுங்கையைப் பார்த்தார், குவிமாடத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் இத ஒரே துண்டாச் செஞ்ச?"

"பொருத்து வெச்சா ஒழுகும்" என்றேன்.

"துண்டு துண்டாச் செஞ்சு கொண்டு போய்த்தான் கூரையில வெச்சுப் பூட்டுற. ஒலகம் முழுக்க அப்பிடித்தான். ஒழுகும் எண்டு ஒங்களுக்கு ஆர் சொன்ன? இது என்ன கடலுக்கா போகப் போகுது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது முழுக்கச் சரி. போட் செய்கிறவனுக்குப் பொருத்து என்றாலே ஒழுக்கு. ஒழுக்கு என்றால் உயிர் போகும். அதனால் துண்டாகச் செய்வதைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. எப்படி வெளியே கொண்டு போவது என்றும் யோசிக்கவில்லை. செய்து முடித்தால் அது தானாகப் போய்விடும் என்பதுபோல் என் புத்தி வேலை செய்திருக்கிறது.

"வெட்டுங்க" என்றார் சவூதிக்காரர். "நாலாய் வெட்டுங்க. அங்க போய்ப் பொருத்துவம்."

நான் அறுக்கும் மெசினை எடுத்தேன். பக்கத்தில் போனேன். கை எழும்பவில்லை. வெட்டிப் பொருத்தினால் அந்தத் தழும்பு என்றைக்கும் தெரியும், வெடிப்பதானால் அங்கேதான் வெடிக்கும். தலைவர் மணலில் குந்திக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

மச்சான் தண்ணீருக்குள் நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே கேட்டான்.

"அத்தான், நாம இதுவரைக்கும் எத்தின போட்ட அந்த ஒழுங்கையால கொண்டு போயிரிக்கம்?"

"ஒண்டையும் இல்ல."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் லொறி?"

பள்ளிவாசலும் வாவிக் கரையில்தான் இருக்கிறது. தலைவர் மெல்ல எழும்பினார்.

"மிதக்குமா தம்பி?"

"மல்லாத்திப் போட்டா சட்டி மாதிரி மிதக்கும் காக்கா."

"நான் அண்டைக்கே சொன்னன், மிதக்கும் எண்டு" என்றார் சவூதிக்காரர். அவருடைய குரலில் சிரிப்பு இல்லை.

இரண்டு விசயங்கள் என் மனதைக் குடைந்தன. உச்சி கீழே வரும்படி திருப்பினால், அதற்குள் ஆள் இருக்க வேண்டும். வெறும் ஓடாக விட்டால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மணல் மூட்டை வைக்க வேண்டும். உச்சி ஓட்டையை அடைத்த கட்டையை யாராவது பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். பள்ளிவாசலின் உச்சியில் கால் படலாமா? தலைவரிடம் கேட்டேன்.

"மேசன்மார் காலால ஏறித்தான் பள்ளியக் கட்டின. காலக் கழட்டி வெச்சிட்டு ஆரும் சுவர் எழுப்பல்ல. நீங்க பயப்பிடாதீங்க. நானும் ஒங்களோட இரிக்கிறன்."

அடுத்ததைக் கேட்கத்தான் வெட்கமாக இருந்தது. எங்கள் பட்டறையிலிருந்து எதுவும் தேங்காய் உடைக்காமல் தண்ணீரில் இறங்கியதில்லை. போட்டின் முன்பக்கத்தை அணியம் என்போம். அணியத்தில் சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித்தான் இறக்குவோம். அது இல்லாமல் தள்ள எனக்குக் கை வராது.

கேட்டதும் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நாட்களில் அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். "தம்பி, குப்பாவுக்கு நீங்க தேங்கா உடைச்சீங்க எண்டா சவூதிக்காரர் என்ட தலைய உடைச்சிருவார்."

வழி சொன்னவள் என் மனைவி. "கட்டி இழுத்துக்கொண்டு போறது எங்கட போட்டுத்தானே? போட்டுக்கு உடைங்க, எப்பவும் போல. குப்பாவுக்கு அவங்க ஓதட்டும்."

அப்படியே செய்தோம். வெள்ளாப்பில், விடிகிற நேரத்தில், காற்று எழும்ப முன்னர், ஊர் திரண்டு நிற்க, குவிமாடத்தை உச்சி கீழே வரப் புரட்டி உருளைக் கட்டைகளில் இறக்கினோம். தலைவர் கைகளை ஏந்தி ஓதினார். நான் என் போட்டுக்குத் தேங்காய் உடைத்தேன். என் மனைவி ஒரு புதுப் பாயைக் கொண்டுவந்து உள்ளே இருந்த மணல் மூட்டைகளின் மேல் விரித்தாள். எங்கள் கால் அதில்தான் பட்டது. ஏணி வைத்து ஏறி நானும் தலைவரும் உள்ளே இறங்கினோம். தண்ணீர் தொட்டதும் அது ஒரு குலுக்குக் குலுக்கி நிமிர்ந்து நின்றது. கரையில் குரவை கேட்டது. எங்கள் பெண்கள் புதுப் போட்டுக்குப் போடும் அதே குரவை. பழக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

மச்சான் இயந்திரப் போட்டில் முன்னால் இழுத்தான். சவூதிக்காரர் பார்க்க வேண்டுமென்று அதே போட்டில் ஏறிக்கொண்டார். அவர் அங்கிருந்து கத்துவது கேட்டது: "காக்கா, உள்ளுக்கு இரிக்கிற ரெண்டு பேரும் டிக்கட் எடுத்தா?"

"நீ முன்னுக்குப் பாத்துப் போ" என்று தலைவர் உள்ளே இருந்தபடியே கத்தினார்.

உள்ளே இருந்து ஒன்றும் தெரியாது. விளிம்பு எங்கள் தலைக்கு மேலே. சுற்றிலும் வெள்ளைச் சுவர், மேலே வட்டமாக வானம். அவ்வளவுதான். வாவிக்குள் நடுவில் மிதக்கிறோம், தண்ணீரே கண்ணில் படவில்லை. ஆனால் சத்தம் வந்தது. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல, ஓயாமல், காலுக்குக் கீழே இருந்து.

"என்ன தம்பி இது? வெடிக்குதா?" தலைவர் என் கையைப் பிடித்தார்.

"இறால் காக்கா. தண்ணிக்குள்ள இறால் போடுற சத்தம்."

போட்டின் அடியிலும் அது கேட்கும், மெல்ல. ஆனால் இந்தக் கிண்ணம் அத்தனையையும் அள்ளி எங்கள் காதில் ஊற்றியது. ஆறு முழுவதும் உயிர். எத்தனை உயிர் என்று படைத்தவனுக்குத்தான் தெரியும். தலைவர், "சுப்ஹானல்லாஹ்" என்றார். நான், "தாயே" என்றேன். பிறகு இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வாவியில் மீன் பாடும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அந்தப் பாடும் மீன் பாடியதா என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். மீன் ஒன்றும் பாடவில்லை. கேட்டது இறால்தான். எனக்கு அதுவே போதும்.

பாதி வழியில் வானம் சுற்றத் தொடங்கியது.

"அத்தான், கிறுகுது! உங்கட சாமான் கிறுகுது!" மச்சானின் குரல் ஒரு முறை வலப்பக்கம் கேட்டது, மறுமுறை பின்னால் கேட்டது. நான் மணல் மூட்டையில் ஏறி எட்டிப் பார்த்தேன். போட்டுக்கு அணியம் இருக்கிறது. அணியத்தில் கயிற்றைக் கட்டி இழுத்தால் அது பின்னால் வரும். இந்த வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் அதற்கு ஒன்றுதான். கயிறு அதைச் சுற்றிக்கொண்டது. அதோடு மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும் அன்றைக்கு நேரத்தோடு எழும்பிவிட்டது. உயரமான ஓடு, காற்று அதைப் பாய் போலப் பிடித்துக் கரைப் பக்கமாகத் தள்ளியது. அங்கே வலை கட்ட நட்ட கம்புகள் வரிசையாக, கூராக நின்றன. ஒரு கம்பு குத்தினால் போதும்.

மச்சான் இயந்திரத்தை நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தான். நாங்கள் காற்றோடு போனோம். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஓதினார். நான் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. இத்தனை பேரின் பிடியரிசி, இந்த மனிதரின் மானம், எல்லாம் என் வாயால் வந்த ஒரு சொல்லில் தொங்குகிறதே தாயே என்று அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அழுதேன்.

தொப்பென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சவூதிக்காரர் தண்ணீருக்குள் நின்றார். வெள்ளைச் சட்டையோடு குதித்திருக்கிறார். அந்த இடத்தில் வாவி நெஞ்சளவுதான். ஓட்டுக்கும் கம்புகளுக்கும் நடுவில் போய், ஓட்டில் தோளைக் கொடுத்து, சேற்றில் காலை ஊன்றி நின்றார். கறுப்புக் கண்ணாடி அவர் முகத்தில் இல்லை.

"வாங்கடா!" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். "பாத்துக்கொண்டா நிக்கிறீங்க? தோணிய எடுங்கடா!"

அவருடைய ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். குப்பா வருவதைப் பார்க்கச் சனம் கரையில் குவிந்து நின்றிருக்கிறது. பிறகு நடந்ததை உள்ளே இருந்துதான் பார்த்தேன். அதைப் பார்த்தபடியே எழுதுகிறேன்.

முதலில் தோணிகள் ஓட்டில் உரசும் சத்தம் கேட்டது. விளிம்பில் ஒரு கை வந்து பிடித்தது. கறுத்த, வலை இழுத்துக் காய்த்த கை. அதன் பக்கத்தில் இன்னொன்று. எதிர்ப் பக்கத்தில் இரண்டு. பிறகு எனக்குப் பின்னால். ஆளையோ முகத்தையோ காணவில்லை, கைகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து அந்த வட்டம் முழுவதையும் பிடித்தன. சுற்றிக்கொண்டிருந்த வானம் நின்றது. தலைவர் கண்ணைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கோயில் எத்தனையோ பார்த்திருக்கிறேன், சடங்கு எத்தனையோ பார்த்திருக்கிறேன். அப்படியொரு காட்சியைக் கடவுள் எனக்கு வேறெங்கும் காட்டவில்லை.

தோணிக்காரர்கள் மற்றக் கையால் கம்பு ஊன்றி, "ஏலே, ஒண்டாத் தள்ளுங்கடா" என்று ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளையைக் கொண்டுபோவது போல மெல்ல மெல்லக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் கரையில் ஏற்றினார்கள். எங்கள் மச்சானும் அந்தத் தோணிகளுக்கு நடுவில் தன் போட்டை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கரையில் சவூதிக்காரர் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார். அவர் ஏன் குதித்தார் என்று எனக்குக் கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்டேன்.

"பிடியரிசியில என்ட மனிசிட அரிசியும் இரிக்கி" என்றார். "குப்பா உடைஞ்சிருந்தா ஊட்டுக்குப் போக ஏலாது எனக்கு."

அன்றைக்கே சாரம் கட்டி, சங்கிலிக் கப்பி போட்டு, கயிறு பிடித்து மேலே ஏற்றினார்கள். சவூதிக்காரர்தான் முன்னால் நின்று நடத்தினார். அந்த வேலை அவருக்குத்தான் தெரியும். அவர் சொன்னபடி நான் கயிறு பிடித்தேன். சுவரின் மேல் விளிம்பு வந்து உட்கார்ந்தது. முதல் ஆணியை முறுக்கியதும், தலைவர் கூரையிலேயே குந்திவிட்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. யாரும் கிட்டப் போகவில்லை.

சவூதிக்காரர் ஒரு போத்தல் தண்ணீரோடு அவர் முன்னால் போய்க் குந்தினார்.

"தலைவர், எழும்புங்க" என்றார். "அஸர் தொழுகைக்கு நேரமாகுது. நீங்க இப்பிடி இருந்தா ஆர் முன்னுக்கு நிக்கிற?"

தலைவர் தொப்பியை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். தண்ணீரை வாங்கிக் குடித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

அந்த நேரம் கரண்ட் இல்லை. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொல்பவர் குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று வெறும் குரலில் தொடங்கினார். நான் இன்னும் கூரையில்தான் நின்றேன். இறங்க நேரம் கிடைக்கவில்லை. தடுமாறாமல் இருக்க ஓட்டில் கையை வைத்திருந்தேன். குரல் உள்ளே எழும்பிச் சுற்றி வர, என் உள்ளங்கைக்குக் கீழே ஓடு அதிர்ந்தது. காய்ச்சல்காரன் நெஞ்சில் கை வைத்தால் தெரிகிற மாதிரி, உயிர் இருக்கிற மாதிரி. மணலில் கிடந்து எழும்பிய பொருள், என் ரெசினும் நாரும், கடவுளின் பெயரைக் கேட்டு நடுங்கியது. அந்தப் பாங்கு முடியும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. எடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு யாராவது வந்து, "இது ஒங்களால ஏலுமா?" என்று கேட்டால் நான் இல்லை என்பதில்லை. பாலர் பாடசாலைக்குச் சறுக்குமரம், கரடியனாற்றில் ஒரு கோயிலுக்கு மயில் வாகனம், ஒரு தேவாலயத்துக்குக் குடில், இறால் தொட்டி. ஒன்றும் எனக்குத் தெரிந்த வேலை இல்லை. முதலில் ஏலும் என்கிறேன். பிறகு பயப்படுகிறேன். பயத்தோடு கோயிலடிக்குப் போய் நிற்கிறேன். மனைவி இப்போதும் ஏசுகிறாள். என் பட்டறை ஓடுகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கதை இப்போது பல மாதிரி நடமாடுகிறது. குப்பா ஆளில்லாமல் தானாக மிதந்து போனதாக ஒரு சந்தையில் கேட்டேன். மீன்கள் கூட்டமாகச் சுமந்து போனதாக இன்னொருவர் என்னிடமே சொன்னார், நான்தான் அந்த ஆள் என்று தெரியாமல். நான் மதம் மாறிவிட்டேன் என்றும் சொல்கிறார்கள்; தலைவர் அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார் என்றும் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. தோணிக்காரர்கள் வந்து பிடித்தார்கள். பெரிய அதிசயம் அதுதான், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதை வாசிக்கிறவர்கள் தெரிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் மீனைச் சேர்க்காதீர்கள். அந்தக் கைகளைக் குறைக்காதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.